செம்பருத்திக்கு வெயில், காளானுக்கு இருட்டு

செடி விற்பதுதான் நர்சரித் தொழில் என்று நினைத்து இறங்கினேன். செடியைக் கொன்றுவிட்டு வந்து நம்மைக் கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் தொழிலே. தொட்டி விற்றுப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குப் புரியும். கோரிமேடு போகும் சாலையில் என் கடை. செம்பருத்திச் செடியும், வீட்டில் வளர்க்கிற சிப்பிக் காளான் பையும் விற்கிறேன். இரண்டையும் ஒரே ஆளுக்கு விற்றதுதான் வினை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் இவர்களைச் சொல்தா என்போம்.

வெயில் வைத்தியம்

அடுத்த வாரமே வந்தார். காளான் பை காய்ந்து சருகாகிவிட்டதாம். நல்ல வெயிலாகப் பார்த்து மொட்டை மாடியில் வைத்திருக்கிறார். இருட்டு மூலையில் தொங்கவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தேன். அதற்கு இலையில்லை, பச்சையில்லை, ஈர வைக்கோலைத் தின்று வளர்கிற ஜென்மம், வெயிலை வைத்து என்ன செய்யும் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"செடின்னு இருந்தா வெயில் காட்டணும்மா. இதுகூடத் தெரியாம நர்சரி வெச்சிருக்கியா?"

இருட்டு வைத்தியம்

சொன்னது மண்டையில் ஏறாமல் இல்லை. ஏறியதைச் செம்பருத்தியிடம் காட்டிவிட்டார். மாடிப்படிக்கு அடியில் வைத்து, ஈரச் சாக்கையும் போர்த்தியிருக்கிறார். இலை மஞ்சளாகி, மொட்டெல்லாம் உதிர்ந்த செடியை அவர் மனைவி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்.

"ஒண்ணுக்கு ஒரு பேச்சு, இன்னொண்ணுக்கு ஒரு பேச்சுன்னா நாங்க எதைத்தான் கேக்கறது?"

அதே தொட்டி

செடியைத் தேற்றிக் கொடுத்தேன். பூவும் விட்டது. மழைக்காலத்தில் சொல்தா போன் செய்தார். செம்பருத்தித் தொட்டியிலேயே வெள்ளை வெள்ளையாகக் காளான் முளைத்திருக்கிறதாம். அது என்ன வகை என்று எனக்கும் தெரியாது. தெரியாத காளானைத் தின்னக் கூடாது என்று மட்டும் தெரியும். பிடுங்கிக் குப்பையில் போடுங்கள் என்றேன். பிரான்சில் மருந்துக் கடையில் காட்டினால் தின்னலாமா கூடாதா என்று சொல்வார்களாம். இங்கேயும் ஒரு மருந்துக் கடையில் காட்டியிருக்கிறார். கடைக்காரன் தலை நிமிராமல், நன்றாக வேகவைத்தால் ஒன்றும் செய்யாது என்றானாம்.

வெங்காயம் போட்டு வதக்கித் தின்றிருக்கிறார். பிறகு வாந்தி, பேதி, ஆஸ்பத்திரி. நல்லவேளை, மனைவி தொடவில்லை. கேள்விப்பட்டதும் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. டிரிப்ஸ் ஏறுகிற கையோடு சொல்தா என்னை முறைத்தார்.

"செம்பருத்திப் பூவ தினமும் டீ போட்டுக் குடிக்கறேன், ஒண்ணும் ஆகல. அதே தொட்டி, அதே மண்ணு. இதுல மட்டும் என்னத்தக் கலந்து குடுத்த?"

செடிக்கும் காளானுக்கும் என்ன வித்தியாசம் என்று இந்த ஊரில் யாரும் வாயால் கேட்பதில்லை, வாயில் போட்டுத்தான் பார்க்கிறார்கள்.