தின்னச் சொன்ன மூலக்கூறு

1991இல் சேரப்பணஞ்சேரியில் ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் நானே படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஒரு வாரம் ஒரு தேன்மிட்டாயில் இரண்டு சீனிமிட்டாயை ஈர்க்குச்சியால் குத்தி, "இதுதான் தண்ணீரோட மூலக்கூறு. செஞ்சவங்க தின்னலாம்" என்றேன். ஒரே கும்மாளம்.

அடுத்த வாரம், துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டைகளைத் தட்டில் வைத்தேன். மூலக்கூறுகள் வாசனையாகப் பறந்து, உருண்டை நாளுக்கு நாள் சிறுத்துப்போவதைக் காட்டத்தான். வகுப்பு முடிந்து பார்த்தால் ஒன்றைக் காணோம்.

"செல்வி எடுத்துக்கினு போனா சார், தம்பிக்காம்" என்றாள் வகுப்பில் இருந்த அவளுடைய பக்கத்துவீட்டுப் பெண். சைக்கிளில் பறந்தேன்.

வாசலில் செல்வியின் அம்மா, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். கையில் எச்சில் ஒழுகும் உருண்டை, நல்லவேளை, முழுசாக.

"வாயில வெச்சிக்கினு கீது சார். நாத்தம் வந்துதான் நோண்டி எடுத்தேன்" என்றவள், மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"சார்தான் மூலக்கூறத் தின்னலாம்னாரு" என்று அழுதாள் செல்வி.

"பாத்தியா சார், உம்மேலயே பொய் சொல்லுது!" இன்னொரு அடி விழுந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. செல்விதான் அதன்பிறகு வகுப்புக்கு வரவில்லை. என் பேச்சை முழுசாக நம்பியவள் அவள் ஒருத்திதான். அந்த இரண்டாவது அடி எனக்கு விழுந்திருக்க வேண்டியது.