செத்த சத்தம்

அன்றைக்கு அந்த மதகு கிட்ட இருந்தது ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரி, அவளுடைய தம்பி, எங்கள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் பாய், அப்புறம் ரோட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. இவ்வளவு கணக்காகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது எங்கள் டீக்கடையில் கேட்டால் பத்துப் பேராவது 'நானும் அங்கதான் இருந்தேன்' என்கிறார்கள். இல்லை. ஐந்து பேர்தான். ஆடுகளை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் எனக்குத் தட்டிப் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து இறங்கி வருகிற ஃபியூஸ் கட்டைகளை, மீட்டர் பெட்டி பக்கத்தில் வெள்ளையாக இருக்குமே அதைத்தான், ஒவ்வொன்றாக இடது கையில் பட்டும் படாமலும் பிடித்து, மரக்குச்சியால் ஒரு தட்டு. 'டிங்' என்றால் நல்லது. 'டொப்' என்றால் உள்ளே எங்கேயோ விரிசல், கண்ணுக்குத் தெரியாது. அதைச் செத்த சத்தம் என்போம். செத்ததைத் தனியாக எடுத்துப் போட்டுவிட வேண்டும். ஏழாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மற்றவர்களுக்குச் சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது, எனக்குக் காதில் இருக்கிறது என்று ஒரு நினைப்பு இருந்தது.

ஆடி மாதம் ஒரு பெட்டி திரும்பி வந்தது. எண்பத்து நாலு கட்டை விரிசல். கட்டைக்கு ஐம்பது ரூபாய், ஆக நாலாயிரத்து இருநூறு. முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"காது மந்தமாயிடுச்சாய்யா? வாரம் முந்நூறு புடிச்சுக்கறேன். இன்னொரு பெட்டி திரும்புச்சுன்னா நீ லோடு பக்கம் போயிடு."

லோடு பக்கம் என்றால் மூட்டை தூக்குவது. என் இடுப்பு குனிந்து செருப்பு மாட்டவே யோசிக்கிற இடுப்பு. இருந்தும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பயந்தவனுடைய வழக்கம் அது. தப்பு நடந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், யார் என்று கேட்பதற்கு முன்னாலேயே என் கை தூக்கிக்கொள்ளும்.

அதே வாரத்தில்தான் வண்டியில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பழைய நூறு சி.சி. வண்டி. வீட்டுக்காரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டும்போது சீட்டுக்கு அடியில் 'டொப்' என்றது. செத்த சத்தம்.

"கேட்டுச்சா?"

"என்னாது?"

"சத்தம்."

"ரயில்வே கேட்டுல சத்தம் வராம சங்கீதமா வரும்?"

பாயிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். டாக்டர் மாதிரிதான் இருந்தது. "ஒண்ணும் இல்லையே தம்பி. சத்தம் வர்றப்ப கொண்டா, பாக்கறேன்" என்றார். சத்தத்தை நான் எப்படிப் பிடித்துக் கொண்டுபோவது?

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டியில் சத்தம் உண்மையாகவே இருந்தால் என் காது நன்றாக இருக்கிறது. வண்டியில் இல்லை என்றால், இல்லாத சத்தத்தைக் கேட்கிற காது, இருக்கிற சத்தத்தை விட்டுத்தானே தொலைத்திருக்கும்? அப்புறம் லோடுதான். சொந்த வண்டி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு திரிந்தவன் ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஷிப்டு முடிந்ததும் கிளம்பிவிடுவேன். கிளம்புவதற்கு முன் பெட்ரோல் மூடியைத் தொட்டுப் பார்ப்பேன், ஸ்டாண்டை எடுத்துவிட்டேனா என்று பார்ப்பேன், தெருமுனையில் நிறுத்தி ஸ்டாண்டை மறுபடி பார்ப்பேன். வேப்பூர் ரோட்டில் போனேன். வழுவழுவென்று இருந்தது, சத்தமே இல்லை. ஹைவே வரைக்கும் போய், லாரிகளைப் பார்த்துக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு, ஏமாந்த மாதிரி திரும்பினேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனவன். கம்மங்கொல்லை எங்கே முடிகிறது, பருத்தி எங்கே ஆரம்பிக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். பார்த்தேனே ஒழிய மனசு சீட்டுக்கு அடியிலேயே இருந்தது.

பெண்ணாடம் ரோட்டில் கரும்பு டிராக்டர் போய்ப் போய்ப் பள்ளம். அங்கே ஒருமுறை லேசாகக் கேட்ட மாதிரி இருந்தது. சரியாகக் கேட்கலாம் என்று தலையைக் குனிந்து டேங்க் கிட்ட கொண்டுபோனேன். முன்னால் போன டிரெய்லரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கரும்பு என் வண்டியின் இடது பக்கக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. தலை நிமிர்ந்திருந்தால் கண்ணாடியோடு கன்னமும் போயிருக்கும். அதை நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

பின்னால் பாரம் இருந்தால்தான் சத்தம் வரும் என்று புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. சத்தம் தேடுவதற்கெல்லாம் வரமாட்டேன் என்றுவிட்டாள் வீட்டுக்காரி. "ஒங்களுக்குச் சத்தம் காதுல கேக்கறதில்ல. வயித்துல கேக்குது." அதனால் கம்பெனியில் கழித்துப் போட்ட களிமண்ணை ஒரு சாக்கில் கட்டி, பின் சீட்டில் ஏற்றி, கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் போனேன். பார்த்தவர்கள் எல்லாம் என்ன வியாபாரம் என்று கேட்டார்கள். ஒரு சின்ன மதகு ஏறி இறங்கும்போது, டொப். தெளிவாகக் கேட்டது. சந்தோஷத்தில் திரும்பிச் சாக்கைப் பார்த்தேன், யாரிடமாவது சொல்ல வேண்டுமே. முன் சக்கரம் ரோட்டில் காய வைத்திருந்த மக்காச்சோளத்தில் ஏறி வழுக்கியது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், சாக்கு வாயைப் பிளந்துகொண்டு நடுவில்.

சோளத்துக்காரம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தார். "அடி பட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும்தான் ஆரம்பித்தார். "ஒன் மண்ண அள்ளிக்கிட்டுப் போ. என் சோளத்துல ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் போனாலும் விடமாட்டேன்!" பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்து மண்ணிலிருந்து சோளத்தைப் பொறுக்கிக் கொடுத்தேன். எதுக்கு மண்ணை ஏற்றிக்கொண்டு போகிறாய் என்று கடைசியில் கேட்டார். சொன்னேன். அவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மாமியார் வீடு கருவேப்பிலங்குறிச்சி, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மச்சான் எங்களை அழைத்துப்போக அவன் வண்டியில் வந்திருந்தான். வழியில் பாய் கடை வாசலில் கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார். அதே ஊரில் யாருக்கோ மோட்டார் எஞ்சின் பார்க்கப் போகணுமாம், அவருடைய வண்டி ஓடவில்லையாம். "மெக்கானிக்கு வண்டி என்னிக்கு ஓடியிருக்குது?" என்று மச்சான் சிரித்தான். வீட்டுக்காரி என் வண்டியிலிருந்து இறங்கித் தம்பி வண்டிக்குப் போய்விட்டாள். "நீங்க பாயையும் சத்தத்தையும் ஏத்திக்கிட்டு வாங்க."

பாய் நல்ல கனம். அதே மதகு. டொப்.

"கேட்டீங்களா பாய்?"

"காலைல தின்ன கறிக்குழம்பு உருளுது தம்பி, அதுவா இருக்கும்."

நிறுத்திவிட்டேன். முன்னால் போன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். "மறுபடியுமா?" என்றாள் அவள். மச்சான், "மாமா, பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடலாம். வண்டிய இல்ல" என்றான். ஆடு மேய்க்கிற அம்மா கிட்ட வந்து பஞ்சரா என்று கேட்டார். சத்தம் வருது என்றேன். "சத்தத்துக்கா நிறுத்துனீங்க? எம் மருமவ வாய்க்கு அப்ப நான் எத்தினி தடவ நிறுத்தணும்?" எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எஞ்சினை அணைத்தேன். பாயை இறங்காமல் அப்படியே சீட்டில் உட்காரச் சொன்னேன். அவருடைய பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். வாழ்க்கையில் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. சும்மா இருந்தார்கள்.

கம்பெனியில் தட்டுகிற மாதிரியே தட்டிக்கொண்டு போனேன். ஹேண்டில்பார், டிங். கால் வைக்கிற கம்பி, டிங். பின் கேரியர், டிங். வலது பக்கம் சீட்டுக்கு அடியில், ஷாக் அப்சார்பரை மாட்டியிருக்கிற இடம், டிங். இடது பக்கம் வந்தேன். அதே இடம். டொப்.

இன்னொரு தட்டு. டொப்.

பாய் இறங்கினார். அங்கே சேறும் கிரீஸும் அப்பிக் கிடந்தது. டேங்க் டியூபைக் கழற்றித் துணியில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு, அழுத்தித் துடைத்தார். உச்சி வெயில். துடைத்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. ஒரு கோடு மட்டும் காயவில்லை. தலைமுடி கனத்தில் ஒரு கோடு, ஈரமாகவே நின்றது.

"யா அல்லா" என்றார் பாய். அவர் குரலில் விளையாட்டு இல்லை. "இன்னும் பத்து நாள் ஓட்டியிருந்தா சீட்டு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்."

வீட்டுக்காரி மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். "நேத்துகூட இதுலதான சந்தைக்குப் போனேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. வண்டியின் இரும்புச் சட்டம் விரிசல் விட்டுப் போயிருக்கிறது, நடுரோட்டில் நின்று சிரிக்கிறேன். "பைத்தியம்" என்றாள். ஆனால் வண்டியைத் தள்ளும்போது அவளும் ஒரு கை கொடுத்தாள். மாமியார் வீடு வரைக்கும் தள்ளினோம். சோறு ஆறிப்போயிருந்தது.

திங்கட்கிழமை காலையில் முதலாளி முன்னால் போய் நின்றேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது. "அந்தப் பெட்டிய ஒரு தடவ பாக்கட்டுங்களா?" என்று மட்டும் வந்தது.

பெட்டி மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. ஒவ்வொரு கட்டையையும் விரிசல் வழியே உடைத்துப் பார்த்தேன். சூளைக்குள் போவதற்கு முன்பே விரிசல் விட்டிருந்தால் மேல்பூச்சு உருகி அந்தச் சந்துக்குள் இறங்கியிருக்கும், ஓரம் மழமழவென்று மின்னும். வெளியே போன பிறகு எங்கேயாவது விழுந்து விரிசல் விட்டிருந்தால் உள்ளே தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை. இது எனக்குத் தெரியாததில்லை. முதல் நாளே பார்த்திருக்கலாம். கம்பெனிக்கே தெரிந்த விஷயம்தான், ஆனால் தலையை ஆட்டுகிறவன் ஒருத்தன் இருக்கும்போது யார் பார்ப்பார்கள்?

முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை ஐம்பத்தேழு. அதை அவர் தள்ளி வைத்தார். "இது லாரிக்காரன் கணக்கு." மின்னுகிறது இருபத்தேழு. "இது?"

"அது நாந்தாங்க" என்றேன்.

அந்த இருபத்தேழு என் கையில் டொப் என்று சொல்லியிருக்கும். நான் வேறு எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருந்திருப்பேன். காது கேட்டிருக்கும், ஆள் இருந்திருக்க மாட்டேன். ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று வீட்டுக்காரி பிறகு கேட்டாள். கண்ணெதிரே மின்னுகிறதை எப்படி இல்லை என்பது?

"ஒன் தட்டுற மேசைக்குப் போ" என்றார் முதலாளி. அவ்வளவுதான்.

வண்டிக்கு வெல்டிங் வைத்தாயிற்று. இப்போது செயின் பக்கம் இன்னொன்று லேசாகக் கேட்கிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இருபத்தேழு கட்டைக்கு ஆயிரத்து முந்நூற்றைம்பது. அதற்குள் மூன்று வாரம் பிடித்திருந்தது தொள்ளாயிரம். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை சம்பளக் கவரை எண்ணினேன், முழுசாக இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் முழுசு. தள்ளுபடி என்றும் அவர் சொல்லவில்லை, மறந்துவிட்டாரா என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. மார்கழி பிறந்துவிட்டது, இன்னும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கவரைப் பிரிக்கும்போது வயிற்றில் டொப் என்கிறது. பாக்கி நானூற்றைம்பது ரூபாய்.