கலசபாக்கம் முத்திரை

நான்காம் வகுப்பு படித்தபோது என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய ஸ்டாம்புகள் இருந்தன. எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. பாதிக்கு மேல் ஒரே படம். அப்பாவுக்கு வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிக்கும் வேலை. குப்பைக்குப் போகிற உறைகளின் மூலைகளை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். ஸ்டாம்பை மட்டும் வெட்டாமல் முத்திரையையும் சேர்த்து அகலமாக வெட்டியிருப்பார். அவருக்குக் கத்தரி பிடிக்க வரவில்லை என்றே நான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் கார்த்திகைத் தீபத்துக்குச் சென்னையிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அவன் கையில் தடித்த ஆல்பம். அதில் பக்கத்துக்குப் பக்கம் வெளிநாட்டுக் கப்பலும் பட்டாம்பூச்சியும். என் டின்னைத் திறந்து பார்த்தவன் கேலிகூடச் செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கடைசியில் ஒரு பேரம் படிந்தது. மீன் படம் போட்ட முக்கோண ஸ்டாம்பு ஒன்று எனக்கு. டின் மொத்தமும் அவனுக்கு. பள்ளியில் ஏதோ ஒட்டுவேலைக்கு ஆகுமாம்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்து டின்னைத் தரையில் கவிழ்த்தார்.

"குடுக்கறதுன்னா குடும்மா. இந்தக் கலசபாக்கம் மட்டும் நான் எடுத்துக்கிறேன். வட்டம் முழுசா விழுந்திருக்கு பாரு."

பார்த்தேன். கறுப்பு வட்டத்துக்குள் ஊர்ப்பெயர் ஓர் எழுத்தும் சிதையாமல் இருந்தது. அடுத்துப் போளூரை எடுத்தார். பிறகு தண்டராம்பட்டு. கொஞ்ச நேரத்தில் பாதிக் குவியல் அவர் பக்கம் போய்விட்டது. ஏமாந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மெல்லக் குனிந்தான்.

"சித்தப்பா, இங்க செங்கம் ஒண்ணு கீது."

வந்தபோது திருத்தமாகப் பேசியவனுக்கு எங்கள் ஊர்க் 'கீது' அதற்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் முழுக்க மூவரும் மாவட்டத்தைத் தரையில் பரப்பினோம். வடக்கே போளூர், மேற்கே செங்கம், கிழக்கே கீழ்பென்னாத்தூர், நடுவில் மலைக்கு ஒரு தம்ளர். மலைமேல் தீபம் ஏற்றப்போகிறார்கள், மாடிக்கு வாருங்கள் என்று அம்மா வந்து அதட்டிய பிறகுதான் எழுந்தோம். பேரத்தைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

எனக்காகத்தான் அப்பா உறைகளை வெட்டிக்கொண்டு வருகிறார் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். நான் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. ஓய்வு பெற்ற பின், பழைய அலுவலகத்துக்காரர்களிடம் சொல்லிவைத்து வாங்கிக்கொள்கிறாராம். அத்தனை நாளும் சேகரித்தவர் அவர்தான், நான் பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்திருந்தேன் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.