பஞ்சாலைக் குடியிருப்பின் வாசலில்

சங்கரன்கோவிலில் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. பஸ் நிலையத்துச் சுவரில் கண்ட விளம்பரத்தை நம்பி, அடுக்குமாடி வீடுகளாக மாறிவிட்ட பழைய நூற்பாலையைப் பார்க்க வந்திருக்கிறேன்.

புகைபோக்கிக்குப் பெயிண்ட் அடித்து 'பாரம்பரியம்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். பஞ்சுத்தூசியில் ஆட்கள் இருமிக் கிடந்த கூடம் இப்போது யோகா அறை. அங்கே மூச்சை நன்றாக இழுத்துவிடலாமாம். செங்கல் சுவர்களுக்குப் பூச்சே கிடையாது, அதற்குத்தான் கூடுதல் விலை.

உள்ளே போகும்போது ஏறிட்டும் பார்க்காத காவலாளி, வெளியே வரும்போது என் இடுப்பையும் பையையும் தடவிப் பார்க்கிறார். மில் ஓடிய காலத்திலும் இதே கேட்டில் இருந்தவராம்.

"உள்ள போறப்பதான அண்ணாச்சி சோதிக்கணும்?"

"கை சும்மா இருக்க மாட்டேங்கு சார். ஷிப்டு முடிஞ்சு வாரவன் மடியில நூல் இருக்கான்னு முப்பது வருசம் தடவிப் பாத்த கை."

"யாராவது சிக்கினாங்களா?"

"ஒரு பிடி நூலுக்காக எத்தனையோ பேருக்கு வேலை போயிருக்கு. மில்லையே மொத்தமா வித்துட்டு முதலாளி கார்ல வெளிய போனாருல்லா, அவருக்கு மட்டும் சல்யூட் அடிச்சு கேட்டத் திறந்துவிட்டேன்."