உள்ளேயிருந்து வந்த ஈசல்

ஈசல் வறுபடும்போது வரும் வாசனை வேர்க்கடலை வறுபடும் வாசனைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும், வேர்க்கடலையில் இல்லாத ஒரு ஈர மண் வாடை அதன் அடியில் இருந்துகொண்டே இருக்கும். முதல் மழை விட்ட சாயங்காலம் எங்கள் தெருவில் எந்த அடுப்பைப் பார்த்தாலும் அந்த வாசனைதான். சட்டியில் அரிசி பொரியும், அதோடு ஈசல் பொரியும், ஒரு கல் உப்பு போட்டு முறத்தில் கொட்டிப் புடைத்தால் இறக்கையெல்லாம் வெள்ளரி விதைத் தோல் மாதிரி பறந்து தெருவெங்கும் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போதுகூட யாராவது ஒரு பிள்ளையின் தலையில் ஒரு இறக்கை இருக்கும். அதைப் பார்த்தே நேற்று அவர்கள் வீட்டில் என்ன என்று தெரிந்துகொள்வோம்.

ஏரிக்கரையில் உள்ள புற்றுகளின் வாயருகே சின்னக் குழி தோண்டி, குழிக்குள் தண்ணீர்ப் பானையை இறக்கி, அதன் பக்கத்தில் சிம்னி விளக்கை வைத்துவிட்டால் போதும், ஈசல் தானாக வந்து விழும். ஈசலோடு ஈசலாக இறக்கை முளைத்த எறும்பும் வந்து விழும். அதைப் பொறுக்கி எறிவது எனக்கும் என் தம்பிக்கும் உள்ள வேலை. எறும்பு ஒன்று சட்டிக்குள் போய்விட்டால் அந்தப் பிடி முழுவதும் புளிக்கும். எறும்புக்கு இடுப்பு இறுக்கிக் கட்டினது போல ஒடுங்கியிருக்கும், மீசை முழங்கை மாதிரி மடங்கியிருக்கும், முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது. ஈசலுக்கு இடுப்பே கிடையாது, உடம்பு ஒரே பருமன். நான்கு இறக்கையும் ஒரே அளவு, உடம்பைவிட நீளம், விரல் பட்டால் உதிர்ந்துவிடும். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். படித்ததில் பாதி மறந்துவிட்டது, இது மட்டும் மறக்கவில்லை.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி பக்கம் ஏரிக்கரையை ஒட்டின தெருவில் இருந்தது. மண் சுவர், கூரைக்குப் பனங்கை வாரை, மேலே பனை ஓலை. நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று பிடுங்கவும் நடவு நடவும் போவார்கள். அம்மா அதிகம் பேச மாட்டாள். தெருவில் நாலு பெண்கள் கூடி நின்றால் அவள் சுவரோரமாக நடந்து போய்விடுவாள். அவளிடம் யாரும் எதையும் கேட்டதும் இல்லை.

ஒரு வருஷம் மழை விட்டதும் ஈசல் எங்கள் வீட்டுக்குள்ளேயே கிளம்பியது. ஏரிக்கரையிலிருந்து விளக்கைத் தேடி வந்ததல்ல. அரிசிப் பானை வைத்திருந்த மூலையில், சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒரு பிளவு விட்டு, அதிலிருந்து புகை வருவது போல வந்தது. குழி தோண்ட வேண்டாம், புற்றுக்குச் சண்டை போட வேண்டாம். நானும் தம்பியும் உட்கார்ந்த இடத்திலேயே அள்ளினோம். அடுத்த சில வாரங்களில் அந்த மூலையில் மண் மேலெழுந்து முழங்கால் உயரத்துக்குக் கூம்பாக நின்றது.

வீட்டுக்குள் புற்று வளர்ந்தால் எங்கள் பக்கத்தில் அதைக் கரையான் என்று சொல்ல மாட்டார்கள், ஆத்தா என்றுதான் சொல்வார்கள். அம்மா அரிசிப் பானையை நகர்த்திவிட்டு மூலையைச் சாணி போட்டு மெழுகினாள். புற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். "தேடிக்கினு வந்து குந்திகீறா. நாமளா போய்க் கூப்ட்டோம்?" என்று நைனாவிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் தெருப் பெண்கள் பாலும் முட்டையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், மாட்டுக்குச் சினை நிற்கவில்லை என்று புற்றின் முன்னால் நின்று சொல்லிவிட்டு, அப்படியே அம்மாவிடமும் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். அம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு பதில் சொல்வாள். அந்தக் குரல் அதுவரை நான் கேட்காத குரலாக இருந்தது. எனக்கு அது பெருமையாக இருந்தது.

அடுத்த மழைக்கும் ஈசல் அந்த மூலையிலிருந்தே வந்தது. ஆத்தா கொடுக்கிற பிரசாதம் என்று வறுத்துத் தெருவுக்கே கொடுத்தோம். பக்கத்து வீட்டு மேரியக்கா வேதக்காரக் குடும்பம். அவள் முறத்தோடு வந்து நின்று, "உங்க ஆத்தா எங்குளுக்கும் சேத்துத்தான் குடுக்குறா, நல்லா அள்ளிப் போடு" என்று அம்மாவைச் சீண்டி வாங்கிக்கொண்டு போனாள்.

இதற்கிடையில் வீட்டு நடுவில் கூரையைத் தாங்கி நின்ற கம்பத்தின் மேல் மண்ணால் ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்ததை நைனா மட்டும் பார்த்திருந்தார். சோறு தின்னும்போது தட்டில் தூள் விழும். ஒருநாள் அவர் கருக்கரிவாளின் முனையைக் கம்பத்தில் குத்திப் பார்த்தார். வேகவைத்த கிழங்கில் இறங்குவது போல இறங்கியது.

"ஆத்தா வந்தா இருந்துட்டுப் போவட்டும். கூரைய இன்னாத்துக்குத் துன்றா?" என்றார்.

"பசிச்சாத் துன்னுவா. நீ துன்றது இல்ல?" என்றாள் அம்மா.

நைனாவுக்கும் கடப்பாரையை எடுக்கத் தைரியம் வரவில்லை. கோபமாகப் பேசுவார், மூலைப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார். கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மேரியக்காவின் வீட்டுக்காரர் வேதக்காரர்தானே, ஆத்தா அவர்மேல் கோபித்துக்கொள்ள நியாயம் இல்லையே, அவரை விட்டுத் தோண்டச் சொல்லலாம் என்று போய்க் கேட்டார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். மேரியக்காதான் பதில் சொன்னாள்.

"இன்னாண்ணே, உங்க பாவத்த ஏத்தி வைக்கறதுக்கு எங்க தலதான் கெடச்சுதா? உங்க ஆத்தாளுக்கு எங்க ஊடு எதுன்னு தெரியாதா? பக்கத்து ஊடுதானே."

நைனா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். கம்பம் அப்படியே நின்றது. புற்று இடுப்பளவு ஆனது.

பிறகு ஒரு மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் விடியும்போது எழுந்து பார்த்தால், நாங்கள் படுத்திருந்த இடத்துக்கு நேர் மேலே கூரை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரை முறிந்து ஓலையில் மாட்டி நின்றது. தம்பி இன்னும் அதன் அடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அவனை இழுத்து வெளியே கிடத்தினாள். குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வந்து, மூலையில் கற்பூரம் ஏற்றி, அது அணையும் வரைக்கும் நின்றாள். "கோச்சிக்காத தாயீ. எனுக்கும் ரெண்டு புள்ளைங்க கீதுங்க" என்று சொல்லிக் கடப்பாரையை எடுத்தாள்.

நைனா வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேரியக்கா எட்டிப் பார்த்தாள். மேலே இருந்த மண் கல் மாதிரி இருந்தது. உள்ளே போகப் போகப் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகச் சாம்பல் நிறத்தில் அடை அடையாக வந்தது. ஒவ்வொரு அடையிலும் வெள்ளைக் குஞ்சுகள் நெளிந்தன. தெருக் கோழிகள் எல்லாம் எங்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டன. அவற்றை விரட்ட யாருக்கும் கை வரவில்லை. தரைக்குக் கீழே ஒரு முழம் தோண்டின பிறகு, தேங்காய் மூடி அளவுக்கு ஒரு மண் உருண்டை கிடைத்தது. அம்மா அதைத் தட்டினதும் இரண்டாக விண்டது. உள்ளே, என் நடுவிரல் நீளத்துக்கு, வெளுப்பாக, ஈரமாக ஒன்று கிடந்தது. தலை கடுகு அளவு, மீதி எல்லாம் வயிறு. அந்த வயிறு மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கியது. அவ்வளவு கலவரத்திலும் அது இடத்தைவிட்டு ஒரு இம்மிகூட நகரவில்லை.

"தாய்க் கரையான்டீ. பொரிச்சுக் குடு, உன் புள்ள தேறிக்கும்" என்றாள் மேரியக்கா, வாசலில் இருந்தபடியே. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பி அப்போது நோஞ்சான்.

அம்மா அந்த மண் உருண்டையைக் கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "புள்ளத்தாச்சி மாதிரி கீறா" என்றாள். "ஓடறதுக்குக்கூட முடியல பாரு."

முறத்தில் வைத்து, மேலே முந்தானையால் மூடி, ஏரிக்கரைக்கு எடுத்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே ஒரு புற்றின் அடியில் சின்னப் பள்ளம் பறித்து அதை வைத்தாள். வைத்துவிட்டுக் கும்பிட்டு நிமிர்வதற்குள் எறும்பு வந்துவிட்டது. முதலில் ஒன்று, பிறகு ஒரு சாரி. அம்மா உட்கார்ந்து ஒவ்வொரு எறும்பாகக் கிள்ளி எடுத்தாள். எடுக்க எடுக்க வந்தது. அவள் விரலெல்லாம் கடிபட்டுச் சிவந்துபோயிற்று. "நீயும் எடு" என்றாள். நானும் எடுத்தேன். சமையலுக்கு எறும்பு பொறுக்கிப் பழகின கைதானே, வேகமாகவே எடுத்தேன். ஆனாலும் அந்த வயிறு ஏறி இறங்குவது நின்றுவிட்டது. நின்ற பிறகும் அம்மா எடுத்துக்கொண்டே இருந்தாள். நைனா கரைமேல் வந்து நின்று கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள்.

மூலையைக் கல் மண் போட்டு இடித்து மூடினார்கள். நைனா வாரையையும் கம்பத்தையும் மாற்றினார். வீடு நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் அம்மாவைத் தின்றது. யாருக்காவது அம்மை போட்டிருந்தால், மாடு செத்திருந்தால், சரி, ஆத்தா கேட்டுவிட்டாள் என்று அவள் அழுது முடித்திருப்பாள். எதுவும் நடக்காததால் அவள் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்களுக்குத் தலைவலி என்றால்கூட அவள் முகம் மாறிப்போகும். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வருவதும் நின்றது. அவள் மறுபடி சுவரோரமாக நடக்க ஆரம்பித்தாள்.

அடுத்த முதல் மழை விட்ட சாயங்காலம் அம்மா விளக்கை ஏற்றவில்லை. அடுப்பிலும் தண்ணீர் ஊற்றினாள். கதவைச் சாத்தி, அடியில் கோணியைச் சுருட்டி அடைத்தாள். "வெளிச்சத்தக் காட்டிக் கூப்ட்டு, வந்தப்புறம் கொல்றதா? இன்னிக்கி நம்ம ஊட்ல வெளக்கு கெடயாது" என்றாள். ஒரு ஈசல்கூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் வாசனை வந்தது. தெரு முழுவதும் வறுத்தார்கள். நானும் தம்பியும் இருட்டில் உட்கார்ந்து எச்சில் விழுங்கினோம். அவன் சத்தம் போட்டு அழுதான்.

மறுநாள் மேரியக்கா எங்கள் இருவரையும் தன் வீட்டுப் பின்பக்கம் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தாள். "இது எங்க ஊட்டு வெளக்குல வுழுந்தது. உங்க அம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றாள். அவசர அவசரமாகத் தின்றோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகவாயில் ஒட்டியிருந்த ஒரு இறக்கையைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நான் ஈசல் தின்றதில்லை.

இப்போது அதே தெருவில் என் மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் இங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, லோன் போட்டுக் கட்டின வீடு. காங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வாசல் நிலைமட்டும் மரம். போன வருஷம் மழை விட்டதும் ஹாலில் டியூப் லைட்டைச் சுற்றி நிறைய வந்து மொய்த்தது. மருமகள் பயந்துபோய்த் துடைப்பத்தோடு நின்றாள். "அத்தே, இது இறக்க எறும்பா, ஈசலா? எறும்புன்னா மருந்து அடிச்சா போதுமாம், ஈசலுன்னா ஊட்டையே துன்னுடுமாமே" என்றாள். போனில் பார்த்திருக்கிறாள்.

தரையில் கிடந்த ஒன்றைத் தொட்டேன். நான்கு இறக்கையும் என் விரலோடு வந்துவிட்டது. அது மட்டும் என்றால் சும்மா இருந்திருப்பேன். வெளியிலிருந்து விளக்குக்கு வந்தவை விடிந்தால் செத்துக் கிடக்கும், வாரிக் கொட்டிவிடலாம். ஆனால் நிலைக்காலின் அடியில், டைல்ஸ் முடியும் இடத்தில், ஒரு பிளவிலிருந்து அவை ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்துகொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். அவள் பார்க்கவில்லை. நான் யாரிடமும் எதையும் முந்திக்கொண்டு சொல்கிறவள் இல்லை. அன்றும் சொல்லாமலே இருந்துவிடலாமா என்று அந்தத் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே பேரப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

"வெளியேருந்து வரல" என்றேன். "உள்ளேருந்து வருது."

இரண்டு நாள் கழித்து மருந்து அடிக்கிற ஆள் வந்தார். நிலைக்காலை ஸ்குரூ டிரைவரால் குத்தினார். கிழங்கில் இறங்குவது போல இறங்கியது. சுவரோரமாக டிரில்லிங் மெஷினால் வரிசையாக ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் மருந்தை ஏற்றி, வெள்ளை சிமெண்ட்டால் அடைத்தார். நல்ல மாதிரி மனிதர். என்னைப் பார்த்து, "ஆயா, மழ வுட்ட அன்னிக்கி ஒரு மணி நேரம் லைட்ட ஆஃப் பண்ணிட்டு, கதவு இடுக்குல துணி வச்சிடுங்கோ. வெளிய கீறது உள்ள வராது" என்று சொன்னார். "தெரியும்பா" என்றேன். "தாய் எங்க இருக்கும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் எங்கியோ மண்ணுக்குள்ள இருக்கும் ஆயா, நாம பாக்க வேண்டியதே இல்ல, மருந்து தானா போய்ச் சேந்துடும்" என்றார்.

அம்மா குளித்து, கற்பூரம் ஏற்றி, மன்னிப்புக் கேட்டு, கண்ணால் பார்த்துச் செய்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். யாருடைய விரலையும் எறும்பு கடிக்கவில்லை. எந்தக் கோழியும் வரவில்லை. அந்த வெள்ளைச் சிமெண்ட் பொட்டுகளை இன்றைக்கும் துடைப்பம் படாமல் சுற்றிப் பெருக்குகிறேன்.

ஏரிக்கரை இருந்த பக்கம் இப்போது கம்பெனி ஷெட்டுகள். சாயங்காலமானால் அங்கே எரிகிற விளக்குகளில் எங்கள் தெருவில் நடக்கிறவர்களுக்கே நிழல் விழுகிறது. மேரியக்கா இல்லை. அவள் பேரன்கள் அந்த ஷெட்டுகளில்தான் ஷிப்ட் பார்க்கிறார்கள். ஈசல் வறுக்கத் தெரிந்தவர்கள் தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் முதல் மழை விட்ட சாயங்காலம் நானே எழுந்து எல்லா லைட்டையும் அணைத்தேன். வாசல் இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வைத்தேன். மருமகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் கண்ணாடியில் ஏதாவது வந்து மோதுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.

"லைட்டப் போடட்டா அத்தே? ஈசலே இல்லியே இந்த வருசம்" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றேன்.