வலிக்காதக்கா

பல் ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் வலிக்காதக்கா. நாற்காலியில் ஏறிய பிள்ளையின் இரண்டு கைகளையும் தன் ஒரு கைக்குள் அடக்கிக்கொள்வாள். மறு கையில் எச்சில் உறிஞ்சும் குழாய். "வலிக்காது கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்பாள். பதினோரு வருடமாக இதே பேச்சு. நான் அங்கே தரை துடைக்கிறவள். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

பிள்ளைகள் அவளைக் கடித்துவைப்பார்கள். கட்டைவிரலைக் காட்டிச் சிரிப்பாள். "பாருடி, முன்பல் ரெண்டும் விழுந்தவன்கூட கடிச்சுட்டுப் போறான். ஈறாலேயே கடிக்கிறான்!"

அவள் மகளுக்கு ஆறு வயதில் கடைவாய்ப்பல் சொத்தையானது. அம்மா வேலை செய்கிற இடம் என்று மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து, "சித்தி" என்று எனக்குக் கையாட்டினாள்.

அன்று வெளியே பெஞ்சு கொள்ளாத கூட்டம். ஊசி போட்ட இடம் மரத்துப்போகும்வரை டாக்டர் பொறுக்கவில்லை.

"வலிக்காதுடா தங்கம்" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, குழந்தை வீறிட்டது. கையை உருவப் பார்த்தது. இத்தனை வருடப் பழக்கம், அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. குழந்தை தன் மணிக்கட்டில் சிவந்திருந்த விரல் தடத்தைப் பார்த்தது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தது. வாயில் பஞ்சு இருந்ததால் அம்மாவிடம் ஒன்றும் கேட்க முடியவில்லை.

அதன்பின் தெருவைக் கடக்கும்போது மகள் அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. அம்மா தோளில் மாட்டியிருந்த பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "ரோஷக்காரி, அப்படியே அவங்க அப்பா. ரெண்டு நாள்ல சரியாயிடுவா" என்றாள் அவள் என்னிடம்.

இரண்டு வருடம் ஆகியும் சரியாகவில்லை.

மகள் ஒரு பக்கமாகவே மென்று தின்றதை யாரும் கவனிக்கவில்லை. நாள் முழுக்க ஊர்ப் பிள்ளைகளின் வாயைப் பார்க்கிறவளும் கவனிக்கவில்லை. ஒரு நாள் காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. கன்னம் கண்வரை வீங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன்.

"இத்தனை நாள் அம்மாகிட்ட ஏன்மா சொல்லலை?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டரம்மா.

"சொன்னா கையைப் பிடிச்சுக்குவாங்க."

 இன்னொரு பல்லடியில் கட்டியிருந்த சீழை உடனே எடுத்தாக வேண்டும் என்றார்கள். அம்மா மகளின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"இந்தத் தடவை அம்மா பொய் சொல்ல மாட்டேன்டா. வலிக்கும். நல்லா வலிக்கும். கையைப் பிடிக்கவே மாட்டேன், சும்மா பக்கத்துல நிக்கிறேன். நிக்கட்டுமா?"

மகள் அம்மாவின் கைகளைப் பார்த்தாள்.

"நீ வெளிய இரும்மா. சித்தி வரட்டும்."

நான் அம்மாக்காரியின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன். கட்டிலருகே என் கையை விரித்துவைத்தேன், மூடவில்லை. மகள்தான் என் விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

"சித்தி, அம்மா அழறாங்களா?"

கதவுக் கண்ணாடிக்கு அப்பால், இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஆமாடா, அழறாங்க" என்றேன்.

மகள் கதவுப் பக்கம் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.