ரெட்டைக் கார்புரேட்டர் சேட்டு

சேட்டு அண்ணனுக்கு இஞ்சின் என்றால் உயிர். மனிதர்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான். செங்கத்துக்கு இறங்கும் மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் என் டீக்கடை. அதை ஒட்டி அவருடைய தகரக் கொட்டகை. ஜீப்போ லாரியோ, சத்தம் சுத்தமாகாமல் எதையும் வெளியே விடமாட்டார்.

"சரியாப் பேசாத வண்டியில நான் ஏறமாட்டேன் குப்பம்மா" என்பார்.

"வூட்ல அண்ணி பேசுறத ஒரு நாளாவது இப்பிடிக் காது குடுத்துக் கேட்டியாண்ணே?" என்றால் சிரித்து மழுப்புவார்.

எழுபத்தெட்டில், புளி உலுக்கும் மாசம். வேலூர் வக்கீல் ஒருவர் தன் பழைய சீமைக் காரை அவரிடம் விட்டுவிட்டு, சிநேகிதர்களோடு ஜீப்பில் காட்டுக்குள் போனார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டர் மற்ற வண்டிகளில் ஒன்றுதான். இதில் இரண்டு. இரண்டும் சமமாக இழுக்காவிட்டால் இஞ்சின் குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி உதறும். அண்ணன் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. கார்புரேட்டர்களுக்குள்ளே இருந்த பிஸ்டன்களை விரலால் தூக்கி விட்டுப் பார்த்தார். முன்னால் இருந்தது டக்கென்று விழுந்தது. பின்னால் இருந்தது அசமந்தமாக இறங்கியது. "பின்னாடிக்காரன் தூங்குறான்" என்று இரண்டையும் கழற்றிச் சாக்கில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புளியமரத்தடியில் சருகு கூட்டும்போது பாம்பு கடித்திருந்தது. பஸ் சாயங்காலம்தான் வரும். ஊரில் இருந்த ஒரே ஜீப்பும் வக்கீலோடு போய்விட்டது. செங்கம் ஆஸ்பத்திரிக்குப் போக அந்தக் காரை விட்டால் நாதியில்லை.

"அண்ணே, கால்ல விழறேன், சீக்கிரம்!"

"இரு குப்பம்மா, தோ ஆச்சு."

பொய் சொல்லக்கூடாது, அவர் கை பறந்தது. இரண்டையும் மாட்டிச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் உதறியது, கறுப்புப் புகையைக் கக்கியது, நின்றது. மறுபடி கிளப்பினார். ஓடிய கொஞ்ச நேரத்தில் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக் கேட்டார். "ஒண்ணு சீறுது, ஒண்ணு மூச்சே வுடல." திருகினார். கிளப்பினார். நின்றது. மறுபடி திருகினார்.

என் மடியில் கிடந்தவருக்கு இமை தானாக மூடிக்கொண்டு வந்தது. "நாக்கு இழுக்குதுடி" என்று அவர் சொன்னதே பாதி குழறிப் போனது. அந்த மனுஷனோ திருகாணியை விடுவதாக இல்லை. கத்தினேன்.

"யோவ்! ரோடு எறக்கம் தானேயா! தள்ளி வுட்டா தானா உருளாது? இஞ்சினு இன்னாத்துக்குயா?"

கையில் ஸ்குரூ டிரைவரோடு அண்ணன் அப்படியே நின்றார். இஞ்சின் ஓடாமலும் ஒரு கார் நகரும் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை, பாவி. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள்.

மலை முழுக்கச் சத்தமே இல்லாமல் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே, "கோபாலு, கண்ண மூடாதடா" என்று அண்ணன் அழுதார். அடிவாரத்தில் வேகம் குறைவதற்குள் கியரைப் போட்டார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. விக்கி விக்கி, உதறி உதறி, எப்படியோ செங்கம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் அதை அணைக்கவில்லை. வேலூருக்குக் கொண்டு போ என்று சொல்லிவிட்டால்? அணைத்தால் மறுபடி கிளம்பாதே என்று பயம்.

எப்போது கடித்தது என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்னே அண்ணன் சொன்னார்: "உச்சி வெயில்ல சாமி. நடுவுல பாதி நேரத்த நான் தின்னுட்டேன்."

டாக்டர் நாடி பிடித்தார். இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார். எடுத்த ஊசியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. சேட்டு அண்ணனைத் திட்ட அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சுவரில் சாய்ந்து, எண்ணெய்க் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். வெளியே கார் தடதடவென்று உதறிக்கொண்டே நின்றது.

"போய் அத நிறுத்துண்ணே" என்றேன். "இனிமே எங்க போவணும்?"